ராணி மேரிக்கு குழந்தை பிறந்திருந்தால்... இங்கிலாந்து கத்தோலிக்க நாடாகவே இருந்திருக்குமா?

தந்தை 8-ம் ஹென்றி போப்புடன் முறித்த உறவை, 1554-ல் ராணி மேரி மீண்டும் ஒட்டவைத்தார். இங்கிலாந்து மறுபடியும் கத்தோலிக்க நாடு! அதே ஆண்டு ஸ்பெயின் இளவரசர் பிலிப்புடன் கல்யாணம். ராணி கர்ப்பம் என்றும் அறிவித்தார்கள்.

1555-ல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தொட்டில்கூட ரெடி. ஆண் குழந்தை பிறந்துவிட்டதாக வதந்தி கிளம்ப, லண்டனில் ஆலய மணிகளையே அடித்துவிட்டார்கள். கடைசியில் குழந்தையே இல்லை.

பிறந்திருந்தால்? திருமண ஒப்பந்தப்படி இங்கிலாந்துடன் நெதர்லாந்தும் அந்தக் குழந்தைக்குத்தான். புராட்டஸ்டன்ட் தங்கை எலிசபெத்துக்கு அரியணை எட்டியிருக்காது. சுமார் 280 புராட்டஸ்டன்ட்களை எரித்துக் கொன்ற ஆட்சியை மக்கள் எப்படியும் தூக்கியெறிந்திருப்பார்கள் என்பது ஒரு வாதம். அவ்வளவு உறுதியா சொல்லிவிட முடியாது. பல ஊர்களில் பழைய வழிபாடு பெரிய எதிர்ப்பில்லாமலே திரும்பியிருந்தது.

1558 நவம்பர் 17-ல் வாரிசின்றி மேரி இறந்தார். அவருக்குத் துணைநின்ற கேன்டர்பரி பேராயரும் அதே நாளில் இறந்தார். 1559-ல் எலிசபெத் ஆட்சியில் வந்த சட்டம், போப்பின் அதிகாரத்தை மறுபடி நீக்கியது.