அம்புக்குச் சட்டை போட்ட கதை

போன எபிசோடில் கார்பன் அம்பு பற்றிப் பேசியதும் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அம்போட பின்பக்கம் இறகுக்கு அடியில கலர் கலரா ஒரு ஸ்டிக்கர் சுத்தியிருக்காங்களே, அது சும்மா அழகுக்குத்தானா?" அதற்கு 'ரேப்' என்று பெயர். அம்பின் வாலில் சுற்றி ஒட்டும் மெல்லிய வினைல் தாள். அழகுக்கும்தான். ஆனா அதோட கதை ரொம்பப் பழசு.

1991-இல் ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில், பனிக்குள் உறைந்து கிடந்த ஒரு மனிதர் கிடைத்தார். ஓட்ஸி என்று அவருக்குச் செல்லப்பெயர். சுமார் 5,300 வருஷத்துக்கு முன்னால் செத்தவர். அவருடைய அம்பறாத்தூணியில் 14 அம்புகள். அதில் 12 வெறும் குச்சி, இரண்டுதான் வேலை முடிந்த அம்பு. அந்த இரண்டில் இறகு எப்படிக் கட்டியிருக்கிறது என்று பாருங்க. மூன்று பாதி இறகுகள். பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுத்த தாரை வைத்து ஒட்டி, அதன்மேல் மெல்லிய இழையைச் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறார். பசையை மட்டும் அவர் நம்பவில்லை. இன்றைக்குக் கடையில் வாங்கும் கார்பன் அம்பிலும் பெரும்பாலும் அதே மூன்று இறகுதான்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ் 1545-இல் மூழ்கியது. 1982-இல் கப்பலைத் தூக்கினார்கள். உள்ளே இருந்த பொருட்களில் ஆயிரக்கணக்கான அம்புகள். கடல் இறகைத் தின்றுவிட்டது. ஆனால் நூல் சுற்றிய சுருள் தடம் தண்டின் மேல் அப்படியே மிஞ்சியிருந்தது. கப்பல் மூழ்கிய அதே 1545-இல்தான் ராஜர் ஆஸ்கம் 'டாக்ஸோஃபிலஸ்' என்ற வில்வித்தை நூலை வெளியிட்டார். வாத்து இறகுதான் உசத்தி என்று அதில் மனுஷன் அடித்துச் சொல்கிறார்.

ஆக, முதலில் சுற்று என்பது கட்டு. வண்ணம் வேறு ஒரு காரணத்துக்காக வந்தது: இது யாரோட அம்பு?

கேட்க எளிமையான கேள்விதான். ஆனா வட அமெரிக்கச் சமவெளியில் பத்துப் பேர் குதிரையில் போய் எருமைக் கூட்டத்தை அடிக்கிறார்கள், புழுதி அடங்கியதும் விழுந்து கிடக்கிற எருமை யாருடையது? தோல் யாருக்கு, நல்ல கறி யாருக்கு? அம்பில் பூசியிருந்த வண்ண வளையம்தான் சாட்சி. ஒரு குடும்பத்தின் குளிர்காலச் சாப்பாடே அந்த வளையத்தில் இருக்கலாம்.

பெயரையே எழுதுவதும் உண்டு. நமக்கு உடனே வாலி ஞாபகம் வரும். மார்பில் தைத்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் இராமன் என்ற பெயரை வாலி படிக்கிற இடத்தைக் கம்பன் எழுதியிருக்கிறான். அதுவரைக்கும் அடித்தது யார் என்றே வாலிக்குத் தெரியாது. ஜப்பானியர்களின் 'ஹெய்கே கதை'யிலும் இப்படி ஒரு காட்சி. 1185, டான்-நோ-உரா கடற்போர். வாடா யோஷிமோரி என்ற வீரர் தன் பெயரை எழுதிய அம்பை எதிரிக் கப்பலுக்கு விட்டு, "முடிஞ்சா திருப்பி அடிங்க பார்ப்போம்" என்று சவால் விடுகிறார். திருப்பி அடித்தார்கள். அவர் விட்டதைவிட அதிக தூரத்துக்கு! பெயர் எழுதினால் பெருமை மட்டுமல்ல, அவமானமும் அதே முகவரிக்குத்தான் வரும்.

இந்தப் பழைய கைவேலை இன்றைய விளையாட்டுக்குள் வந்ததில் இஷிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் மிஞ்சிய கடைசி மனிதர். அவருடைய மக்களை வெள்ளைக் குடியேறிகள் கொன்று தீர்த்த பிறகு, பல வருஷம் மலைக்குள் ஒளிந்து வாழ்ந்து, 1911-இல் ஓரோவில் என்ற ஊரில் வெளியே வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்க வைத்தார்கள். 1916-இல் காசநோயில் இறந்துபோனார். அந்த ஐந்து வருஷத்துக்குள் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில்லும் அம்பும் செய்யக் கற்றுக்கொண்டார். மான் நரம்பை வாயில் போட்டு மென்று இளக்கி, இறகின் நுனியில் சுற்றிக் கட்டுவார் இஷி. தண்டில் வண்ண வளையங்களும் போடுவார். போப் 1923-இல் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் வில்வித்தை ஆர்வத்தையே கிளப்பிவிட்டது. இஷிக்கு அம்பு சாப்பாடு. படித்தவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனசு வரலை.

மர அம்புக்காரர்கள் அம்பைச் சின்ன கடைசலில் சுழலவிட்டு, தூரிகையை லேசாகத் தொட்டு வளையம் போடுவார்கள். 'கிரெஸ்டிங்' என்று அதற்குப் பெயர். 1922-இல் மர அம்பு செய்யத் தொடங்கிய டக் ஈஸ்டன் 1939-இல் அலுமினியத்துக்கு மாறினார். அதிலும் இந்த வண்ணப்பூச்சு ஓடியது. சிக்கல் கார்பனில்தான் வந்தது.

கார்பன் தண்டு என்பது நீளவாக்கில் ஓடும் மெல்லிய இழைகளைப் பிசினில் ஊறவைத்து இறுக்கிய குழாய். பலம் முழுக்க அந்த இழையில்தான். இறகு கிழிந்தால் புதுசு ஒட்ட வேண்டும், அதற்குப் பழைய பசையைச் சுரண்ட வேண்டும். அலுமினியத்தில் கத்தி போட்டால் ஒரு கீறல், அவ்வளவுதான். கார்பனில் கத்தி போட்டால் இழை அறுபடும். நெருப்பில் காட்டினால் பிசின் இளகும். நாண் தள்ளும் வேகத்தில் அம்பு பாம்பு மாதிரி வளைந்துதான் கிளம்புகிறது. உள்ளே விரிசல் இருந்தால் அந்த நொடியில் சிதறி, வில்லைப் பிடித்திருக்கிற கையிலேயே சிராய் ஏறலாம். நானும் ஆரம்பத்தில் பேனாக்கத்தியால் சுரண்டி அரை டஜன் அம்பைக் கெடுத்தவன்தான். கை தப்பியது அதிர்ஷ்டம்.

ரேப் உபயோகப்படுவது இங்கேதான். இறகு தண்டில் ஒட்டாமல் தாளின் மேல் ஒட்டுகிறது. எடுக்கணும்னா தாளோடு உரித்துவிடலாம், கார்பனைக் கத்தி தொடவே வேண்டாம். முன்னே இறகுக்கு மேலே இருந்த சுற்று இப்போது அடியில் போய்விட்டது. கறுப்புத் தண்டில் வெள்ளையோ ஆரஞ்சோ சுற்றினால் புல்லில் தேடுவதும் சுலபம்.

இலவசம் இல்லை. ரேப் சுமார் பத்து கிரெயின், அதாவது அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். அந்த எடை வாலில் ஏறுவதால் அம்பின் சமநிலைப் புள்ளி பின்னால் நகரும். 70 மீட்டர் அடிக்கிற ஒலிம்பிக் ரிகர்வ் ஆட்கள் பெரும்பாலும் ரேப்பைத் தவிர்ப்பது இதனால்தான். ஆனால் அவர்களில் பலர் வைக்கிற சுருண்ட 'ஸ்பின்' இறகைப் பாருங்க. அடியில் ஒட்டுநாடா, இரண்டு நுனியிலும் மெல்லிய டேப் சுற்று. ஓட்ஸி பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்.

சர்வதேச வில்வித்தை விதிகளிலும் இந்தத் தாள் இடம் பிடித்துவிட்டது. தண்டு 9.3 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, ஏன்னா தடித்த அம்பு அடுத்த வளையத்தின் கோட்டைத் தொட்டு மதிப்பெண் வாங்கிவிடும். ரேப்புக்கு மட்டும் விலக்கு: நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து 22 சென்டிமீட்டருக்குள் முடிந்தால், அந்தத் தடிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு அம்பிலும் வீரரின் பெயரோ முதலெழுத்தோ இருக்கணும் என்பதும் விதி.

நேயரின் இரண்டாவது கேள்வி, ரேப்பை எப்படி ஒட்டுவது. தண்டை ஸ்பிரிட்டால் துடைங்க. தாளைப் பசைப்பக்கம் மேலே இருக்கிற மாதிரி மவுஸ் பேடில் வைத்து, அம்பை ஓரத்துக்கு நேராக வைத்து ஒரே உருட்டாக உருட்டுங்க. விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இறகு உட்காரக் கூடாது. எடுக்கும்போது வால் பகுதியை நல்ல சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், நகத்தாலேயே உரிந்து வரும். பேனாக்கத்தி வேண்டாம்.