பழைய வேகக் காருக்குப் புதிய ஷொக்கும் ஸ்பிரிங்கும்: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு மீண்டும் திறப்பதற்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த பின்னரும், வரியும் ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியும் சேர்ந்து புதிய காரைச் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத தூரத்திலேயே வைத்திருக்கின்றன. ஆகவே 25, 30 வருடங்களுக்கு முன்னர் யப்பானில் செய்யப்பட்ட கார்கள் எமது வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றுள் சில வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை.

1991 முதல் 2000 வரை இரண்டு தலைமுறைகளாக வெளிவந்த ஹொண்டா சிவிக் இதற்கு நல்ல உதாரணம். எமது இளைஞர்கள் ஈஜி, ஈகே என்று சுருக்கமாக அழைப்பது இவற்றைத்தான். 1997இல் வந்த டைப் ஆர் மாதிரியில், 1,595 சிசி கொள்ளளவுள்ள வீடெக் இயந்திரம் 185 குதிரைவலுவைத் தந்தது. ஆனால் இந்தக் கார்களின் பெயருக்குக் காரணம் இயந்திரம் மட்டுமல்ல. முன்னும் பின்னும் நான்கு சில்லுகளுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு இருந்தது. சில்லு மேலெழும்போதும் டயர் வீதியில் சரியாகப் படியும்படி பிடித்து வைத்திருப்பது அந்த அமைப்பே. 2000இல் வந்த அடுத்த தலைமுறை சிவிக்கில் முன்பக்கத்துக்கு மக்பேர்சன் ஸ்ட்ரட் வந்துவிட்டது. பழையதை விட மனமில்லாமல் பலர் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயந்திரத்தைப் பார்த்துப் பார்த்துப் பராமரிப்பவர்கள்கூட அடியில் இருக்கும் ஷொக் அப்சோபரை மறந்துவிடுகிறார்கள். இயந்திரம் பழுதானால் கார் நின்றுவிடும். ஷொக் பழுதானால் கார் நிற்காது, ஓடிக்கொண்டேயிருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. குண்டும் குழியுமான வீதியில் டயர் துள்ளி வீதியை விட்டு எழும் அந்தக் கணத்தில் பிறேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. இரவில் மாடுகள் படுத்திருக்கும் வீதியில், வெளிச்சமில்லாத சைக்கிள்கள் வரும் வீதியில், அந்த ஒரு கணமே போதும்.

இரண்டுக்கும் இரண்டு வேலை

ஸ்பிரிங் காரின் பாரத்தைத் தாங்குகிறது, குழியில் விழும்போது அழுந்தி இடம் கொடுக்கிறது. அழுந்திய ஸ்பிரிங்கைத் தனியே விட்டால் அது பல முறை ஆடிய பிறகே ஓயும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷொக்கின் வேலை. ஷொக்கின் உள்ளே ஒரு பிஸ்டன், ஒயிலைச் சிறு வால்வுகளின் ஊடாகத் தள்ளுகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

ஸ்பிரிங் இறுக்கமானால் அதை அடக்க ஷொக்குக்கும் அதிக வலு வேண்டும். ஸ்பிரிங்கின் இறுக்கம் 20 சதவீதம் கூடினால், ஷொக்கின் அடக்கும் வலு ஏறத்தாழ 10 சதவீதம் கூட வேண்டும். 25 வருடப் பழைய ஷொக்கில் அந்த வலு ஏற்கெனவே குறைந்திருக்கும். அதன் மேல் புதிய இறுக்கமான ஸ்பிரிங்கைப் போட்டால் கார் வேகக் கார் போல நடக்காது, துள்ளும். ஷொக்கையும் ஸ்பிரிங்கையும் ஒரு சோடியாகவே பார்க்க வேண்டும்.

எது பழுது என்று முதலில் அறிவோம்

காரின் மூலையைக் கையால் அழுத்தி விட்டு ஆட்டத்தை எண்ணிப் பார்ப்பது எல்லோரும் செய்யும் சோதனை. முற்றாகச் செத்த ஷொக்கை அது காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்த ஷொக்கைக் காட்டாது. வேறு அடையாளங்களையும் பார்க்க வேண்டும்.

ஷொக்கின் உடலில் ஒயில் வழிந்து மண் அப்பியிருந்தால் அதன் சீல் போய்விட்டது. மேற்பகுதியில் மெல்லிய ஈரப்பசை மட்டும் இருந்தால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. டயரின் மேற்பரப்பைக் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாக விட்டு விட்டுத் தேய்ந்திருப்பது தெரிந்தால், சில்லு துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள். பிறேக் பிடிக்கும்போது மூக்கு அதிகம் குனிவது, வேகத்தடையைத் தாண்டிய பின்னும் உடல் ஆடிக்கொண்டிருப்பது ஆகியவையும் சாட்சிகள்.

ஸ்பிரிங்குக்கு அளவுநாடா போதும். காரைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் மையத்திலிருந்தும் நேர் மேலேயுள்ள மட்கார்ட் விளிம்பு வரை அளக்க வேண்டும். இடமும் வலமும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டால் ஒரு ஸ்பிரிங் அமர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். எமது கரையோரங்களில் உப்புக்காற்றால் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துருப்பிடித்து முறிவதுண்டு. அந்தச் சுற்று கிண்ணத்துக்குள் மறைந்திருப்பதால் சில்லைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

வயது போனாலும் உருக்கு ஸ்பிரிங் தன் இறுக்கத்தை இழப்பதில்லை. உயரத்தைத்தான் சற்று இழக்கிறது. ஆகவே துருவோ முறிவோ இல்லாமல் உயரமும் சரியாக இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றத் தேவையில்லை. ஷொக் அப்படியல்ல, அது தேயும் பொருள்.

ஷொக்கைத் தெரிவு செய்தல்

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தொழிற்சாலைப் பொருளுக்கு நிகரான இரட்டைக்குழாய் ஷொக். யப்பானின் கேவைபி நிறுவனத்தின் எக்செல்-ஜி இந்த வகை. மென்மையானது, விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. தொழிற்சாலை ஸ்பிரிங்குடன் நன்றாகப் பொருந்தும். கரடுமுரடான வீதியில் நீண்ட நேரம் ஓடும்போது உள்ளே ஒயிலும் வாயுவும் கலந்து நுரைத்து வலுக் குறைவது இதன் பலவீனம்.

இரண்டாவது, ஒற்றைக்குழாய் ஷொக். ஜேர்மனியின் பில்ஸ்டைன் இதற்குப் பெயர்பெற்றது. கேவைபியின் காஸ்-ஏ-ஜஸ்ட்டும் இதே வகைதான். ஒயிலையும் உயர் அழுத்த வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைப்பதால் நுரைப்பது குறைவு, சூடும் விரைவாக வெளியேறும். ஆனால் குழாய் ஒன்றே என்பதால், கல் பட்டு அது நெளிந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். கிரவல் வீதியில் அதிகம் ஓடுபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, வலுவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷொக். நெதர்லாந்தின் கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஸ்போர்ட் வகையில், ஸ்பிரிங் விரியும்போது எதிர்க்கும் வலுவை மாற்றலாம். சற்று இறுக்கமான ஸ்பிரிங் போடுபவருக்கும், ஷொக் தேயத் தேயச் சரிசெய்ய விரும்புபவருக்கும் இது பொருத்தம்.

எதை வாங்கினாலும் உங்கள் காரின் சரியான மாதிரிக் குறியீட்டைக் கொடுத்து வாங்குங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் சாதாரண சிவிக்குக்கும் டைப் ஆருக்கும் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றல்ல.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த ஷொக் மலிவாக இருக்கலாம். அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதை எவராலும் சொல்ல முடியாது. கதவு, லைட், கியர்பெட்டி போன்றவற்றைப் பாவித்தே வாங்கலாம். தேய்வதையே தொழிலாகக் கொண்ட பாகத்தைப் பாவித்து வாங்குவது, அடுத்தவர் கழற்றி எறிந்த பழுதைக் காசு கொடுத்து வாங்குவதாக முடியலாம்.

காரைத் தாழ்த்துவதன் விலை

தாழ்ந்து நிற்கும் கார் கண்ணுக்கு அழகு. உயரம் குறையும்போது பாரத்தின் மையம் இறங்குவதால் வளைவில் நன்மை உண்டு என்பதும் உண்மை. ஆனால் 40 மி.மீ தாழ்த்தும்போது, குழியில் சில்லு மேலெழுவதற்கு இருந்த இடத்திலும் ஏறத்தாழ அவ்வளவு போய்விடுகிறது. எஞ்சிய இடம் முடிந்ததும் பம்ப் ஸ்டொப் எனப்படும் முட்டு றப்பரில் ஷொக் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங் இல்லாத கார் போலாகிவிடும். வளைவின் நடுவில் அது நடந்தால் டயர் பிடி விடும். சிவிக்கில் அதிகம் தாழ்த்தினால் முன் விஷ்போனின் மேல்கை உடலின் உட்பகுதியில் இடிப்பதும் உண்டு. சில்லுகள் உள்நோக்கிச் சாய்வதால் டயரின் உள்விளிம்பும் விரைவில் தேயும்.

குடும்பத்தில் ஐந்து பேரும் பின்னால் சாமான்களும் ஏறினால் கார் மேலும் இறங்கும். மழை வெள்ளம் அரித்த ஒழுங்கைகளும், அளவுகணக்கின்றிக் கட்டப்பட்ட வேகத்தடைகளும் உள்ள ஊருக்குத் தொழிற்சாலை உயரமே பாதுகாப்பு. இறுக்கம் வேண்டுமென்றால் உயரத்தை அதிகம் குறைக்காத ஸ்பிரிங்கைத் தேடலாம்.

மலிவு வழியாக ஸ்பிரிங்கை வெட்டுவதோ காஸ் சுடரால் சூடாக்கி அமர்த்துவதோ கூடவே கூடாது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் இறுக்கம் 20 சதவீதம் கூடும், உயரமோ குறைந்துவிடும். சில்லு கீழே தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். சூடாக்கினால் உருக்குக்குக் கொடுக்கப்பட்ட பதம் அழிந்துவிடும். பிறகு அது எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இல்லாததை வைத்து இருப்பதை ஓட்டுவது எமக்குக் கைவந்த கலை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் கைவண்ணம் எமது பெருமை. ஆனால் அது வேறு வழியே இல்லாத காலத்தின் தீர்வு. வழி இருக்கும்போதும் வெட்டியும் உருக்கியும் ஒப்பேற்றுவதற்கு அதைச் சாட்டாக்கக் கூடாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஷொக்கை எப்போதும் சோடியாக மாற்ற வேண்டும். முன்னிரண்டு அல்லது பின்னிரண்டு. ஒன்று புதிதும் மற்றது பழையதுமானால் பிறேக் பிடிக்கும்போது இரு பக்கமும் ஒன்றுபோல் நடக்காது. மேல் மவுன்ட், முட்டு றப்பர், தூசு மூடி ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. இவற்றுக்காகப் பின்னர் மீண்டும் கழற்றினால் கூலி இரட்டிப்பாகும்.

இரட்டைக்குழாய் ஷொக்கைப் பூட்டுவதற்கு முன்னர் நிமிர்த்தி வைத்துச் சில தடவைகள் முழுமையாக அழுத்தி இழுக்க வேண்டும். உள்ளே இடம்மாறிய வாயு அப்போதுதான் வெளியேறும். பளபளப்பான தண்டை இடுக்கியால் பிடிக்கவே கூடாது. சிறு கீறலும் சீலை அறுத்துவிடும். அழுத்திய ஸ்பிரிங் ஒரு வெடிபொருளுக்கு ஒப்பானது. சரியான கம்பிரசர் இல்லாத இடத்தில் அதைக் கழற்ற இடம் கொடுக்காதீர்கள்.

பல கராஜ்களில் தவறுவது ஒன்று உண்டு. கைகளின் றப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டுகளை, சில்லு தொங்கும் நிலையில் இறுக்கக்கூடாது. காரின் பாரம் சில்லுகளில் இறங்கிய பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எந்நேரமும் முறுக்குண்டு நின்று விரைவில் கிழியும். பின்னர் வீல் எலைன்மன்ட் கட்டாயம். உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட்டின் குறியையும் சரிசெய்ய வேண்டும்.

காசை எங்கே முதலில் போடுவது?

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்பதே எங்களில் பலரின் நிலை. ஆகவே ஒழுங்கு முக்கியம். முதலில் நல்ல டயர், ஆட்டமில்லாத போல் ஜொயின்ட், கிழியாத புஷ். சிவிக்கில் பின்பக்க டிரெய்லிங் ஆர்மின் பெரிய புஷ்ஷை மறக்காமல் பார்க்க வேண்டும். அது கிழிந்திருந்தால் வளைவில் பின்சில்லு தன் பாட்டில் திரும்பும், எந்த விலையுயர்ந்த ஷொக்காலும் அதை மறைக்க முடியாது. இரண்டாவதாக, தொழிற்சாலை ஸ்பிரிங்குக்கு ஏற்ற நல்ல புதிய ஷொக். பழைய ஸ்பிரிங் முறிந்தோ அமர்ந்தோ இருந்தால் அதற்கும் தொழிற்சாலை அளவிலேயே மாற்று. இறுக்கமான ஸ்பிரிங் கடைசி. இவற்றையெல்லாம் செய்து சில மாதங்கள் ஓட்டிய பிறகும் அது தேவை என்று தோன்றினால் மட்டும் வாங்கலாம். பெரும்பாலானவர்களுக்குத் தோன்றாது. அந்தக் காரை முதலில் வடிவமைத்தவர்கள் நினைத்த ஓட்டம் அப்போதே திரும்பக் கிடைத்திருக்கும்.