முதுகில் சுமந்தவர்: பொப் பெய்ஸ்லியும் லிவர்பூல் இரசிகர்களும்

உதைபந்தாட்ட வீரர் ஒருவர் தாம் ஆடிய கழகத்துக்கே பின்னாளில் முகாமையாளராக வருவது புதினமான சங்கதி அல்ல. ஆனால் அப்படி வருகிறவர் தமது பழைய பெயரைப் பணயம் வைத்துத்தான் அந்த நாற்காலியில் அமர்கிறார். வீரராக அவர் போட்ட கோல்களை ஆண்டுக்கணக்கில் சொல்லி மகிழ்ந்த இரசிகர்களே, அணி தொடர்ந்து நாலு போட்டிகளில் தோற்றால் அவரை வெளியேறச் சொல்லிக் கூச்சலிடுவார்கள். இரண்டு பருவத்தையும் கடந்து நல்ல பெயரோடு விடைபெற்றவர்கள் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தைச் சேர்ந்த பொப் பெய்ஸ்லி. அவர் பெற்றுத் தந்த கிண்ணங்களின் தொகை பெரிது. எனினும் அவரை இரசிகர்கள் எதற்காக நினைவுகூருகிறார்கள் என்பது அதைவிடச் சுவாரசியமானது.

பெய்ஸ்லி 1919 ஜனவரி 23 ஆம் திகதி இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹாம் பகுதியிலுள்ள ஹெற்றன்-லீ-ஹோல் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. மகன் கொத்து வேலை பழகினார். பிஷப் ஒக்லண்ட் என்ற, சம்பளமின்றி ஆடுவோரின் கழகத்தில் விளையாடிப் பெயரெடுத்த அவரை லிவர்பூல் கழகம் 1939 மே மாதம் ஒப்பந்தம் செய்தது. நாலு மாதங்களுக்குள் உலக யுத்தம் மூண்டது. பெய்ஸ்லி பீரங்கிப் படையில் சேர்ந்து வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டார். 1944 ஜூனில் ரோம் நகரம் ஜேர்மனியரிடமிருந்து மீட்கப்பட்டபோது அந்நகருக்குள் நுழைந்த படையினரில் அவரும் ஒருவர். லிவர்பூலுக்காக அவர் முதல் உத்தியோகபூர்வப் போட்டியில் ஆடியபோது 1946 பிறந்துவிட்டது. ஒரு வீரனின் மிகச் சிறந்த ஆண்டுகளை யுத்தம் விழுங்கிவிட்டிருந்தது.

யுத்தத்துக்குப் பிந்திய முதலாவது லீக் பருவத்திலேயே, அதாவது 1946-47 இல், லிவர்பூல் சம்பியனானது. அந்த அணியில் பெய்ஸ்லி இருந்தார். 1950 இல் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில் அயல் எதிரியான எவர்ட்டன் கழகத்துக்கு எதிராக ஒரு கோலையும் போட்டார். ஆனால் வெம்பிளி மைதானத்தில் நடைபெற்ற இறுதிப் போட்டிக்கான அணியில் அவரது பெயர் இல்லை! ஆர்சனல் 2-0 என வென்றது. அரையிறுதியை வென்று கொடுத்தவர் வெளியே இருந்து தோல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஏமாற்றம் பின்னாளில் வீரர்களை அணியிலிருந்து விலக்க நேர்ந்தபோது அவர்களின் மனநிலையை விளங்கிக்கொள்ளத் தமக்கு உதவியது என்று பெய்ஸ்லி கூறியதுண்டு.

1954 இல் லிவர்பூல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பெய்ஸ்லியும் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். ஆனால் கழகத்தை விட்டுப் போகவில்லை. இரண்டாம் அணியைப் பயிற்றுவித்தார். உடற்சிகிச்சை முறைகளைக் கற்று, காயப்பட்ட வீரர்களைக் கவனித்தார். ஒரு வீரரின் நடையைப் பார்த்தே எங்கே நோகிறது என்று கண்டுபிடித்துவிடுவார் என அவரிடம் ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1959 டிசம்பரில் பில் ஷங்க்லி முகாமையாளராக வந்தார். ஸ்கொட்லாந்தின் சுரங்கக் கிராமமொன்றில் பிறந்த ஷங்க்லி, பேச்சால் ஒரு நகரத்தையே கட்டிப்போட்டவர். பழைய உதவியாளர்களை அவர் அனுப்பிவிடவில்லை. பெய்ஸ்லி, ஜோ பேகன், ரூபன் பெனற் ஆகியோரை அப்படியே வைத்துக்கொண்டார். இவர்கள் அன்பீல்ட் மைதானத்தில் வீரர்களின் சப்பாத்துகள் வைக்கப்படும் ஒரு சிறிய அறையில் கூடி, தேநீரோ பியரோ அருந்தியபடி ஆட்டத்தை அலசுவார்கள். லிவர்பூலின் அடுத்த கால் நூற்றாண்டின் பல தீர்மானங்கள் அந்தச் சப்பாத்து அறையில் பிறந்தவையே. ஷங்க்லி காலத்தில் மூன்று லீக் பட்டங்களும் இரண்டு எஃப்.ஏ. கிண்ணங்களும் ஒரு யுஈஎஃப்ஏ கிண்ணமும் வந்தன.

1974 ஜூலையில் ஷங்க்லி எவரும் எதிர்பாராத விதமாகப் பதவி விலகினார். நகரமே திகைத்தது. அப்பொறுப்பு 55 வயதுப் பெய்ஸ்லியிடம் வந்தது. அவர் அதை விரும்பி ஏற்கவில்லை. ஷங்க்லியை மனம் மாற்றவே முயன்றார். மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடும் தலைவர் ஒருவருக்குப் பின், ஒலிவாங்கியைக் கண்டால் கூச்சப்படும் ஒருவர் வந்தால் எப்படியிருக்கும்? வீரர்கள் முன் பேசும்போதே பெய்ஸ்லிக்குப் பெயர்கள் நினைவுக்கு வராமல் வசனங்கள் பாதியில் நின்றுவிடும். ஷங்க்லியோ பயிற்சி மைதானத்துக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். வீரர்கள் அவரையே இன்னும் தலைவர் என அழைத்தார்கள். இருவருக்குமே தர்மசங்கடமான நிலைமை அது. முதற் பருவத்தில் முக்கிய கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை.

அதன் பின்னர் நடந்தது வரலாறு. 1974 முதல் 1983 வரையான ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கிண்ணங்கள், மூன்று லீக் கிண்ணங்கள், ஒரு யுஈஎஃப்ஏ கிண்ணம், ஒரு ஐரோப்பிய சுப்பர் கிண்ணம். இன்று சம்பியன்ஸ் லீக் எனப்படும் ஐரோப்பியக் கிண்ணத்தை மூன்று தடவை வென்ற வேறொரு முகாமையாளர் 2014 வரை தோன்றவில்லை. அவ்வாண்டு கார்லோ அன்சலோட்டி அந்தச் சாதனையைச் சமன்செய்து, பின்னர் அதைக் கடந்தும் சென்றார். பெய்ஸ்லிக்குக் கிட்டாத பெரிய உள்நாட்டுக் கிண்ணம் எஃப்.ஏ. கிண்ணம் ஒன்றே. 1950 இல் வீரராகக் கைநழுவிய அது, 1977 இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் யுனைட்டட்டிடம் தோற்றபோது முகாமையாளராகவும் கைநழுவியது.

அந்தத் தோல்விக்கு நாலு நாட்களின் பின், 1977 மே 25 ஆம் திகதி, 20,000க்கும் மேற்பட்ட லிவர்பூல் இரசிகர்கள் ரோம் நகரில் கூடியிருந்தார்கள். ஜேர்மனியின் பொருசியா மொன்சன்கிளாட்பக் அணியை லிவர்பூல் 3-1 என வென்று, முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 33 ஆண்டுகளுக்கு முன் படைவீரனாக அதே நகருக்குள் வந்ததைப் பெய்ஸ்லி அப்போது வேடிக்கையாக நினைவூட்டினார்.

இந்த வெற்றிகளின் இரகசியம் ஆட்களை அறிந்ததுதான். முன்வரிசையில் ஆடிய ரே கென்னடியை இடப்புற மத்திய வரிசைக்கு மாற்றினார். அங்கேயே கென்னடி பெரும் ஆட்டக்காரரானார். 1977 இல் கெவின் கீகன் ஹம்பேர்க் கழகத்துக்குப் போனபோது இரசிகர்கள் கலங்கினார்கள். அவருடைய இடத்துக்குப் பெய்ஸ்லி கொண்டுவந்தவர் கென்னி டல்கிளிஷ். அடுத்த ஆண்டு ஐரோப்பிய இறுதிப் போட்டியின் ஒரே கோலை அவரே போட்டார். அந்த டல்கிளிஷ் 1985 இல் ஆடிக்கொண்டே முகாமையாளராகப் பொறுப்பேற்றபோது, அருகிலிருந்து ஆலோசனை சொன்னவரும் பெய்ஸ்லியே.

1983 மார்ச்சில் லீக் கிண்ணத்தை லிவர்பூல் வென்றபோது, தலைவர் கிரேம் சூனஸ் கிண்ணத்தைப் பெறப் படியேறவில்லை. அந்தப் பருவத்தோடு ஓய்வுபெறவிருந்த பெய்ஸ்லியை வற்புறுத்தி மேலே அனுப்பினார். வெம்பிளியில் ஒரு முகாமையாளர் கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டது அதுவே முதற்தடவை. இறுதிப் போட்டிக்கு 33 ஆண்டுகளுக்கு முன் சேர்க்கப்படாதவர் அவர் என்பதை முதிய இரசிகர்கள் அறிவார்கள்.

பிற்காலம் கொடியது. அல்சைமர் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஒரு வீரரின் முழங்காலையும் கணுக்காலையும் ஆண்டுக்கணக்கில் மனதில் பதித்து வைத்திருந்தவரின் நினைவு சிறிது சிறிதாகக் கரைந்தது. 1996 பெப்ரவரி 14 ஆம் திகதி, 77 ஆவது வயதில் காலமானார்.

ஷங்க்லிக்கு அன்பீல்டில் 1997 இல் சிலை எழுந்தது. பெய்ஸ்லிக்கு 1999 இல் ஒரு வாயில் அமைக்கப்பட்டது. சிலை வர 2020 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமைதியாக உழைப்பவர்களுக்கு ஊர் பிந்தியே நன்றி சொல்கிறது என இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிலையில் பெய்ஸ்லியின் கையில் கிண்ணம் எதுவும் இல்லை. 1968 இல் டொட்டன்ஹாம் அணியுடனான போட்டியில் காயப்பட்ட இளம் வீரர் எம்லின் ஹியூஸை முதுகில் சுமந்தபடி அவர் மைதானத்தை விட்டு வெளியேறும் காட்சியே வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. அப்போது அவர் முகாமையாளரே அல்லர், ஒரு உதவியாளர். அன்று சுமக்கப்பட்ட ஹியூஸ்தான் ஒன்பது ஆண்டுகளின் பின் ரோமில் அணித்தலைவராக நின்று ஐரோப்பியக் கிண்ணத்தை உயர்த்தியவர்.

கிண்ணங்களின் கணக்கைப் புத்தகங்கள் வைத்திருக்கும். அதை ஒருநாள் இன்னொருவர் முறியடிப்பார். கழகத்தில் 44 ஆண்டுகள், கொடுத்த வேலை எதுவாயினும் செய்த மனிதரைப் பற்றிய நினைவை எவரும் முறியடிக்க முடியாது. தம் நினைவை இழந்து மறைந்த ஒருவருக்காக அந்த நினைவை ஒரு நகரம் காத்து வருகிறது.