தாயம் விழாதவரின் இடம்: மேசை விளையாட்டுகளில் ஏற்றத்தாழ்வான நிலை முன்னேற்றம்

புதுச்சேரியின் அரியாங்குப்பம் கொம்யூனை ஆய்வுலகம் அரிக்கமேட்டை வைத்தே அறியும். 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தது முதல், ஆற்றங்கரை மண்ணிலிருந்து எடுத்த பானை ஓடுகளையும் மணிகளையும் பற்றி நிறையவே எழுதியாயிற்று. அதே கொம்யூனின் திண்ணைகளில் சாக்கட்டியால் கட்டம் கீறி ஆடும் தாயத்துக்கு அந்தக் கவனத்தில் சிறு பங்கும் கிட்டவில்லை. பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளின் வடிவமைப்பில் ஐம்பது ஆண்டுகளாகத் தீராத ஒரு வழக்குக்கு இந்தத் தாயக்கட்டத்திலிருந்து நல்ல சான்று கிடைக்கிறது என்பது என் கருத்து. ஒரே மேசையில் ஆடுகிறவர்களின் பாத்திரங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் நிலை ஏற வேண்டுமா, ஒருவர் முந்தலாமா என்பதே அந்த வழக்கு.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' முந்தலாம் என்றது. இரண்டாம் நிலையை எட்டப் போர்வீரருக்கு 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும், மந்திரவாதிக்கு 2,500. அடுத்த ஆண்டு சேர்ந்த திருடருக்கு 1,200 போதும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா வகைப் பாத்திரங்களுக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்தது. இன்று பல மேசைகளில் புள்ளிக் கணக்கே இல்லை. கதை ஒரு கட்டத்தைத் தாண்டியதும் எல்லோரும் சேர்ந்து ஒரு நிலை ஏறுகிறார்கள். பின்தங்கியவர் மனம் நோகக்கூடாது என்ற அக்கறையில் பிறந்த ஏற்பாடு இது. அக்கறையை மதிக்கிறேன். தீர்வு அவசரமானது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஏற்றத்தாழ்வு ஒரே வகைப்பட்டதல்ல.

தாயத்தின் கணக்கைப் பார்ப்போம். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். இரண்டையும் உருட்டினால் 16 வாய்ப்புகள். அவற்றில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டில்தான். தாயம் விழாமல் காய் இறக்க முடியாது. 1, 5, 6 அல்லது இரண்டும் வெறுமையாகி 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். காய் இறங்குமுன்பே இந்த மறு உருட்டலை அனுமதிக்கும் வீட்டில், ஒருவர் தம் முறையில் தாயம் போடும் வாய்ப்பு ஆறில் ஒன்று. சராசரியாக ஆறு முறை காத்திருக்க வேண்டும். ஆறு முறை கடந்தும் தாயம் விழாதவர்கள் மூவரில் ஒருவர். கட்டத்தைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்தால், ஒருவராவது எதிராளியின் காய்கள் பாதிச் சுற்று போகும்வரை வெறுங்கையோடு இருப்பது இந்த ஆட்டத்தின் இயல்பே. தாயத்தோடு ஐந்துக்கும் காய் இறக்கலாம் என்று விதியைத் தளர்த்தினால் சராசரிக் காத்திருப்பு மூன்றரை முறையாகக் குறைகிறது. அப்போதும் அது மறைவதில்லை.

இவ்வளவு சமமற்ற தொடக்கம் உள்ள ஆட்டத்தை ஆட்கள் ஏன் விடாமல் ஆடுகிறார்கள்? முந்தியவர் அதே அளவுக்கு இழக்கவும் கூடும் என்பதே விடை. வெளிச்சுற்றில் ஓடும் காய் மலை எனப்படும் காப்புக் கட்டத்தில் நின்றால்தான் பத்திரம். மற்ற கட்டங்களில் வெட்டுப்படும். வெட்டுப்பட்டால் மறுபடி தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும். தூரம் போன காய்க்கு இழப்பு பெரிது. இறங்காத காய்க்கு இழப்பே இல்லை. உள்ளே போய்ப் பழம் எடுக்க வெட்டு வேண்டும் என்ற விதி இதற்கும் ஒரு படி மேலே போகிறது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவரும் வெட்டு எடுக்காமல் உள்ளே நுழைய முடியாது. அவர் பின்னால் வருபவரின் காய்க்காகக் காத்திருந்து தம் காயை ஆபத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. பின்தங்கியவருக்கு இதனால் ஆட்டத்தில் ஓர் எடை வந்துவிடுகிறது.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதம் வேறு வகை. அங்கே மேல் வரிசையில் இருப்பவருக்குக் கூடுதல் வலிமை எதுவும் இல்லை. அவருடைய அடுத்த உருட்டல் கீழே இருப்பவருடையதைவிடச் சிறந்ததும் அல்ல. வைகுண்டத்தின் வாசலில் பாம்பு கடித்து அடிக்கு வந்தாலும் கட்டையின் வாய்ப்பு மாறுவதில்லை. இடைவெளி இடைவெளியைப் பெருக்காது.

ஆக மூன்று வகை தெரிகிறது. வலிமை தராத இடைவெளி பரமபதத்தில் உள்ளது. வலிமையும் அதற்கேற்ற ஆபத்தும் தருவது தாயத்தில். வலிமையை மட்டும் தந்து ஆபத்தைக் குறைப்பது மூன்றாவது. கண்டிக்க வேண்டியது இந்த மூன்றாவதைத்தான். எல்லோரையும் ஒன்றாக ஏற்றும் முறை மூன்றையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். தாயம் எதிரெதிரே ஆடுவது. பாத்திர விளையாட்டு கூடி ஆடுவது. குழுவுக்கு எதிரி பொது. அவனுடைய வலிமை உயர்ந்த நிலையில் இருப்பவரை வைத்து அமையும். அடி தாழ்ந்தவரைக் கொல்லும். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன், ஆனால் அது எல்லா விதிகளுக்கும் பொருந்தாது. தொடக்ககால விதிகளில் புள்ளி பெரும்பாலும் எதிரியைக் கொல்வதால் வரவில்லை. வெளியே கொண்டுவந்த புதையலின் ஒவ்வொரு பொற்காசும் ஒரு புள்ளி. தீப்பந்தம் பிடிப்பது, வரைபடம் வரைவது, பொறியை மோப்பம் பிடிப்பது, சண்டையைத் தவிர்க்கப் பேசுவது ஆகியவை நிலை எண்ணைப் பார்ப்பதில்லை. ஆடுபவரின் புத்தியைப் பார்க்கின்றன. முதல் நிலையில் இருப்பவருக்கும் உருப்படியான வேலை இருந்தது.

அட்டவணையின் வளைவு இதைவிட முக்கியம். 1981-இன் அடிப்படை, மேல்நிலை விதிநூல்களில் போர்வீரருக்கு 2,000, 4,000, 8,000, 16,000, 32,000, 64,000 என்று தேவை இரட்டித்துப் போகிறது. 32,000 புள்ளியோடு ஆறாம் நிலையில் இருக்கும் குழுவில் பூஜ்யத்தோடு ஒருவர் சேருகிறார், பங்கு சமம் என்று கொள்வோம். மூத்தவர்கள் ஏழாம் நிலையை எட்டும்போது அவர் ஆறாம் நிலையில் இருப்பார். ஒரே பயணத்தில் ஒரு நிலைக்கு மேல் ஏற விடாத விதி இதைச் சற்றுத் தாமதப்படுத்தும், போக்கை மாற்றாது. ஐந்து நிலை இடைவெளி யாருடைய தயவும் இல்லாமல் ஒன்றாகச் சுருங்குகிறது. ஒன்பதாம் நிலைக்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் 1,20,000 என்று வளைவு நேர்கோடாகிறது. அங்கே, ஒன்பதாம் நிலையில் 2,40,000 புள்ளியோடு இருக்கும் குழுவில் புதிதாகச் சேர்பவர் முதலில் வேகமாக ஏறினாலும், அதன்பின் காலம் முழுவதும் இரண்டு நிலை பின்னாலேயே நிற்பார். எல்லோரும் சேர்ந்து ஏறும் கதைக்கட்ட முறையில், அதே குழுவில் புதியவரை முதல் நிலையில் சேர்த்தால், அவர் எட்டு நிலை பின்தங்கியே இருப்பார். அவரை எல்லோரோடும் சமமாகவே தொடங்க வைக்கும் கட்டாயம் அந்த முறையிலிருந்தே பிறக்கிறது. புதியவர் வளர்ந்து எட்டிப் பிடிக்கும் அனுபவத்துக்கு அங்கே வழியில்லை.

மேலே இருப்பவரின் ஆபத்தும் இதே காலத்தில் தேய்ந்தது. பழைய பதிப்புகளில் சில பிணப்பூதங்கள் தொட்டாலே ஒரு நிலை பறிபோகும். இரட்டிக்கும் அட்டவணையில் உயர்ந்தவருக்கு அது பல மாத ஆட்டத்தின் இழப்பு, தாழ்ந்தவருக்குச் சில இரவுகளின் இழப்பு. தாயத்தில் வெட்டு செய்யும் வேலை அதுதான். ஆடுவோர் வெறுத்த விதி அது, வெறுப்புக்குக் காரணமும் உண்டு. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் நிலைப் பறிப்பு இல்லை. உயர்ந்தவரிடம் இழக்க எதுவும் இல்லாதபோது ஏற்றத்தாழ்வு வெறும் வலிமையாகிவிடுகிறது. அந்த நிலையில் அதைத் துடைத்தெறிவதைத் தவிர வடிவமைப்பாளருக்கு வேறு வழி தெரியவில்லை என்று ஊகிக்கிறேன்.

தமிழில் இவ்வகை விளையாட்டுகளை அமைக்க முனைகிறவர்கள் இரட்டிக்கும் வளைவை வைத்துக்கொண்டு, நிலைப் பறிப்புக்குப் பதிலாக வெட்டு விதியைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட நிலைக்கு மேல் ஏற வேண்டுமானால் புள்ளி மட்டும் போதாது. தம்மைவிடத் தாழ்ந்த நிலையிலுள்ள தோழர் ஒருவர் அந்தப் பயணத்தில் ஒரு நிலை ஏறியிருக்க வேண்டும் என்று விதிக்கலாம். முந்தியவர் அப்போது பின்னால் திரும்பி நின்று, தாமே அடி வாங்கித் தோழரைக் காக்க வேண்டியிருக்கும்.