கண்ணீரில் எழுந்த வைத்தியசாலை

நம் மக்கள் பெயர் சொல்லவும் அஞ்சும் நோய் ஒன்று உண்டெனில் அது புற்றுநோயே. "அந்த நோய்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, நோயாளியின் பாயையும் தட்டையும் ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம் லயன்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அன்று. ஆயினும் நோய் தரும் துன்பத்தோடு தனிமைத் துன்பமும் நோயாளிக்குச் சேர்ந்துவிடுகிறது. இந்நிலையில், ஒரு பெண்மணியின் கண்ணீர் வைத்தியசாலையாக எழுந்த வரலாற்றை நாம் அறிதல் நலம்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். தாமே டாக்டராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க முடியவில்லையே என்ற ஏக்கம் அவரை விட்டு அகலவில்லை. 1925இல் இங்கிலாந்து சென்று மேற்பயிற்சி பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய வீராங்கனையாக அவரைப் பலரும் அறிவர். புற்றுநோயாளருக்காக அவர் ஏறி இறங்கிய படிகளை அறிந்தோர் சிலரே.

சாகப் போகிறவர்களுக்குத் தனி வைத்தியசாலை எதற்கென்று எண்ணிய காலம் அது. அவர் சோர்ந்துவிடவில்லை, மாதர் சங்கத் தோழியரோடு நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் அடையாற்றில் 12 கட்டில்களோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே வைத்தியம் என்பதே அங்கு நியதி. நிலைய வளாகத்திலேயே வாழ்ந்த சாந்தா அம்மையார், 2021இல் மறையும் வரை நோயாளரை விட்டுப் பிரியவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் முன்னிற்பது வாய்ப்புற்று. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லுவது அதற்குப் பெருங்காரணம். மலையிலே குளிருக்கும் களைப்புக்கும் துணையென்று நம் பெற்றோர் மென்றது இதைத்தானே! வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாமை ஆகியவை முன்னறிகுறிகள். தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தலாம்.

1984இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இலங்கை ஆய்வொன்று வெளிவந்தது. சிறிது பயிற்சி பெற்ற சுகாதார ஊழியரே வாயைச் சோதித்து இவ்வறிகுறிகளைக் கண்டறிய வல்லவர் என அது காட்டிற்று. ஆனால் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களுள் பலர் போகவேயில்லை என்பதையும் அதுவே காட்டிற்று.

இங்கேதான் நமக்குக் கடமை பிறக்கிறது. லுணுகலையிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும். மகரகமவுக்குப் போவதென்றால் பல நாட் கூலி போய்விடும். மொழி புரியாத அச்சமும் கூடவே வரும். டாக்டரும் தாதியும் வைத்தியசாலை வாசலுக்கு உள்ளேதான் உதவ முடியும். அந்த வாசல் வரை நோயாளியின் கைபிடித்துச் செல்வார் யார்?

இளைஞர்களே, பெரியோர்களே! வைத்தியசாலை கட்டும் வலிமை நமக்கில்லாதிருக்கலாம். ஒருவரோடு பஸ்ஸில் ஏறிச் செல்லவும், அவருக்காகப் பேசவும், திரும்பி வந்தபின் அவர் பாயருகே அமரவும் நம்மால் முடியும். தங்கைக்காக அழுத ஒருத்தி ஊருக்கெல்லாம் உறவானாள். நாமும் நம் லயத்து நோயாளிக்கு உறவாவோமாக!