காந்த நாடா நூலகம்: ரீல் ரூமிலிருந்து ரோபோ வரை

வங்கிக் கணக்கில் ஒரு வரவு, ரயில் முன்பதிவில் ஒரு பெயர், ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரு ஸ்கேன். இவை எல்லாவற்றையும் "கம்ப்யூட்டர்ல இருக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லி விடுகிறோம். கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும், அந்த இயந்திரம் பழுதானால் எங்கிருந்து திரும்ப வரும் என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளுக்கு எழுபது வருஷத்துக்கு மேலாகப் பதில் சொல்லி வருவது காந்த நாடா. பாட்டுக் கேட்ட கேசட்டோடு நாடாவின் காலம் முடிந்து விட்டது என்று எண்ணுபவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். மும்பையில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணிப்பொறி மையத்தில், 1982 முதல் ஓய்வு பெறும் வரை நாடாக்களோடு காலம் கழித்தவன் நான். நான் பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து, இந்த நாடா நூலகங்களின் கதையை அன்பர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

அட்டையிலிருந்து நாடாவுக்கு

முதலில் துளையிட்ட அட்டைகள் இருந்தன. ஓர் அட்டைக்கு 80 எழுத்து. 1951-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போன யூனிவாக் கணிப்பொறி, நிக்கல் பூசிய வெண்கல நாடாவில் எழுதியது. அடுத்த ஆண்டு, 1952-இல், ஐ.பி.எம். தனது 726 என்ற நாடா இயந்திரத்தை அறிவித்தது. அதில் உலோகம் போய் பிளாஸ்டிக் நாடா வந்தது. அரை அங்குல அகலம்; ஒரு ரீலில் சுமார் 20 லட்சம் எண்கள். அட்டைக் கணக்கில் சொன்னால் 25,000 அட்டை.

நாடாவைச் சட்டென்று ஓட வைத்துச் சட்டென்று நிறுத்தினால் அது அறுந்து போகும். அதற்கு ஜேம்ஸ் வீடன்ஹாமர் என்ற ஐ.பி.எம். பொறியாளர் ஒரு வழி கண்டார். காற்றை உறிஞ்சும் ஒரு நீளமான குழிக்குள் நாடாவைக் கொஞ்சம் தளர்வாகத் தொங்க விட்டார். ரீல் மெதுவாகச் சுழன்றாலும், படிக்கும் முனையருகே நாடா துள்ளி ஓடும். பழைய சினிமாக்களில் கம்ப்யூட்டர் என்று காட்டுவார்களே, பீரோ போன்ற பெட்டியில் இரண்டு சக்கரம் விட்டு விட்டுச் சுழலுமே, அந்தக் காட்சி இந்த உத்தியால் வந்ததுதான்.

ரீல் ரூம்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மையத்தில் ஒன்பது தடம் கொண்ட ரீல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 2,400 அடி நாடா. கன்சோலில் ஒரு எண் வரும். அந்த எண்ணுள்ள ரீலை ரேக்கில் தேடி எடுத்து, டிரைவில் மாட்டி, பட்டனை அழுத்த வேண்டும். எழுத வேண்டிய ரீல் என்றால் அதன் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்த வேண்டும். வளையம் இல்லாவிட்டால் இயந்திரம் எழுதாது. சம்பளக் கணக்கு ஓடும் இரவுகளில் ஒரே ஷிப்டில் நூறு முறைக்கு மேல் ரேக்குக்கும் டிரைவுக்கும் நடந்திருப்போம்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் ஒரு திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. டேப் ரூமில் அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை: "தம்பி, டேப்பை மாட்டுறதுக்கு யாராலயும் முடியும். எங்க வச்சிருக்கோம், அதுல என்ன இருக்கு, இப்பவும் படிக்குதா, இந்த மூணும் தெரிஞ்சவன்தான் லைப்ரரியன்." அந்த அறைக்கு "டேப் லைப்ரரி" என்றுதான் பெயர். அலமாரி, பதிவேடு, இரவல், திருப்பி வைத்தல் எல்லாம் புத்தக நூலகம் போலவே நடக்கும்.

எந்திரக் கை வந்த விதம்

மனிதன் நடப்பதற்கு நிமிடங்கள் ஆகும். கணிப்பொறி அதுவரை சும்மா நிற்கும். அவசரத்தில் வேறு ரீலை மாட்டி விடுவதும் உண்டு. இந்த நடையைக் குறைக்க 1974-இல் ஐ.பி.எம். 3850 என்ற அமைப்பை அறிவித்தது. தேன்கூடு போன்ற அறைகள். ஒவ்வொன்றிலும் கைக்குள் அடங்கும் உருளை வடிவக் கேட்ரிட்ஜ். ஒன்றில் 5 கோடி எழுத்து. தேன்கூட்டின் முன்னால் ஓடும் எந்திரக் கை ஒன்று, கேட்ட கேட்ரிட்ஜை எடுத்துப் படிக்கும் இடத்தில் கொண்டு வைக்கும். முழு அளவில் 9,440 கேட்ரிட்ஜ்கள். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் கொள்ளளவு. ஆனால் அந்த உருளை வேறெங்கும் பயன்படவில்லை. அந்த இயந்திரத்தோடு பிறந்து அதோடு மறைந்தது.

1984-இல் ஐ.பி.எம். 3480 என்ற சதுரக் கேட்ரிட்ஜைக் கொண்டு வந்தது. பெரிய ரீல் போய், உள்ளங்கையில் வைக்கக்கூடிய பெட்டி வந்தது; கொள்ளளவு 200 மெகாபைட். ஒரே அளவான பெட்டி, உருட்டி விட்டாலும் அவிழாத நாடா. ரோபோவுக்கென்றே செய்தது போல இருந்தது.

அதைச் சரியாகப் பிடித்துக் கொண்டது ஸ்டோரேஜ்டெக் என்ற நிறுவனம். 1969-இல் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய நால்வர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தொடங்கியது அது. 1984-இல் திவாலாகி, நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்து, 1987-இல் மீண்டு வந்தது. அந்த 1987-இலேயே 4400 என்ற தானியங்கி நூலகத்தை வெளியிட்டது. பன்னிரண்டு பக்கச் சுவர் கொண்ட ஒரு குதிர் என்று வைத்துக் கொள்ளுங்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள். சுமார் 6,000 கேட்ரிட்ஜ்கள். நடுவில் சுழலும் எந்திரக் கை. கையின் நுனியில் கேமரா. ஒவ்வொரு கேட்ரிட்ஜின் முதுகிலும் உள்ள கோட்டு முத்திரையைக் கேமரா படித்து, கேட்டது இதுதானா என்று சரிபார்த்த பிறகுதான் கை பிடிக்கும். ஒரு குதிர் போதாவிட்டால் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டி வைத்து, இடையில் ஒரு சன்னல் வழியாகக் கேட்ரிட்ஜைக் கைமாற்றலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் "நியர்லைன்". நம்ம வீட்டு வழக்கில் சொல்கிறேன். அடுப்பு மேடையில் இருக்கும் உப்பு ஜாடி ஆன்லைன். நினைத்தவுடன் கை போகும். பரணில் கட்டி வைத்த பித்தளைப் பாத்திரம் ஆஃப்லைன். யாராவது ஏணி போட்டு ஏற வேண்டும். பரணுக்குப் பக்கத்திலேயே ஒரு பையன் இருபத்துநாலு மணி நேரமும் நின்று, கேட்டதும் எடுத்துத் தந்தால் அது நியர்லைன்.

ரோபோவின் அன்றாடம்

எங்கள் மையத்துக்கு இப்படி ஒரு நூலகம், அளவில் சிறியது, 1998-இல் வந்தது. மின்சாரத்தைப் போட்டதும் கை முதலில் செய்வது கணக்கெடுப்பு. மாடம் மாடமாகப் போய் முத்திரைகளைப் படித்து, எது எங்கே என்று பட்டியல் போட்டுக் கொள்ளும். கதவைத் திறந்து யாராவது கையால் ஒரு கேட்ரிட்ஜை மாற்றி வைத்தால் பட்டியல் பொய்யாகி விடும். மறுபடி கணக்கெடுக்க வேண்டும். அதனால் உள்ளே போவதும் வெளியே வருவதும் தபால் பெட்டி போன்ற ஒரு சிறு வாசல் வழியாகத்தான். காலாவதியான நாடாக்கள் மறுபடி எழுதத் தயாராகக் காலி வரிசையில் நிற்கும். டிரைவின் முனையில் தூசு சேர்ந்தால், துடைப்பதற்கென்றே உள்ள கேட்ரிட்ஜை ரோபோவே கொண்டு போய்ச் செருகும்.

எங்கள் நடை நின்றது. ஷிப்டுக்கு நான்கு பேர் என்பது ஒருவர் ஆனது. ஆனால் அண்ணாச்சி சொன்ன மூன்றில் முதலாவதை மட்டுமே ரோபோ எடுத்துக் கொண்டது. எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது கணிப்பொறியிலுள்ள பட்டியலுக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியல் அழிந்தால் ஆயிரம் கேட்ரிட்ஜும் பெயர் தெரியாத பெட்டிகள். இப்பவும் படிக்கிறதா என்பதை ஒரு மனிதன் நினைவு வைத்துக் கொண்டு அவ்வப்போது சோதித்தால்தான் உண்டு.

படிக்க ஆளிருந்தும் கருவி இல்லாமல்

ரோபோ வந்த கையோடு எங்கள் நிறுவனம் பழைய ரீல் டிரைவ்களை எடைக்குப் போட்டது. ஒன்றையாவது வைத்துக் கொள்ளலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம். இடமில்லை என்று மேலிடத்தில் முடிவாயிற்று. மூன்று வருஷம் கழித்து, ஓய்வு பெறப்போகும் சில தொழிலாளர்களின் பழைய சர்வீஸ் விவரம் பென்ஷனுக்குத் தேவைப்பட்டது. விவரம் இருபத்தேழு ரீல்களில், கிடங்கில், எண் ஒட்டியபடி பத்திரமாக இருந்தது. படிக்கத்தான் கருவியில்லை. வேறொரு ஊரில் ரீல் டிரைவ் வைத்திருந்த ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டு போனோம். பத்தொன்பது ரீல் படித்தது. மீதி எட்டில் பூச்சு ஒட்டிக் கொண்டு நாடா நகரவில்லை. அந்த எட்டில் பெயர் இருந்தவர்கள் கிளை அலுவலகங்களில் பழைய சம்பளப் பேரேட்டைத் தேடிக் கொண்டு மாதக்கணக்கில் அலைந்தார்கள். முப்பது வருஷம் உழைத்த மனிதர், தான் உழைத்ததற்கு ஆதாரம் தேடி அலைந்ததைப் பார்த்த பிறகு எனக்கு நாடா என்பது வெறும் பொருளாகத் தெரியவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. நிலாவைப் படமெடுக்க 1966, 67-இல் நாசா ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்களை அனுப்பியது. அந்தப் படங்கள் பதிவான சுமார் 1,500 நாடாக்களை அழிய விடாமல் காத்தவர் நான்சி எவான்ஸ் என்ற ஆவணக் காப்பாளர். நாடாக்களைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.900 இயந்திரங்களையும் அவர் விடவில்லை. தன் வீட்டு வளாகத்திலேயே வைத்திருந்தார். பின்னாளில் ஒரு குழு அவற்றைப் பழுது பார்த்து, கலிபோர்னியாவில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் வைத்து ஓட்டியது. 2008 நவம்பரில், நிலாவுக்கு மேலே பூமி எழும் 1966-ஆம் ஆண்டுப் படம் முன்னெப்போதையும்விடத் தெளிவாக வெளிவந்தது. இதற்கு நேர்மாறானது அப்போலோ 11. 1969-இல் நிலாவிலிருந்து வந்த மூல ஒளிபரப்பைக் கொண்ட நாடாக்கள், நாடாத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அழிக்கப்பட்டு மறுபடி பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசாவே முடிவு சொன்னது.

நம் நாட்டில், ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் 1979-இல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் தரவைப் பெறும் நிலையம் வந்தது. 1988 மார்ச்சில் நம்முடைய ஐ.ஆர்.எஸ்.1ஏ பறந்தது. அந்நாளில் இந்தத் தரவெல்லாம் அடர்த்தி மிகுந்த நாடாக்களில்தான் பதிவானது. ஒரு ஏரி அந்த வருஷம் எவ்வளவு நிறைந்திருந்தது என்பதை மறுபடி போய்ப் படமெடுக்க முடியாது. பதிவு போனால் அந்த வருஷமே போனது.

நாடா ஓயவில்லை

2000-இல் எல்.டி.ஓ. என்ற பொதுத் தரம் வந்தது. முதல் தலைமுறையில் ஒரு கேட்ரிட்ஜுக்கு 100 ஜிகாபைட். 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட். 1987-இன் குதிர்கள் பதினைந்தை நிரப்பியிருக்கக்கூடிய தரவு இன்று ஒரே பெட்டியில். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் நாடாக் காப்பகம் 2017 ஜூனில் 200 பெட்டாபைட்டைத் தாண்டியது.

2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் கடிதங்கள் மறைந்தன. பல இடங்களில் நகல் இருந்தும் பிழை எல்லா நகலையும் தொட்டு விட்டது. நாடாவைத் தொடவில்லை. அங்கிருந்துதான் கடிதங்கள் திரும்பின. மாடத்தில் உட்கார்ந்திருக்கும் நாடாவுக்கு மின்சாரமும் வேண்டாம். டிரைவில் ஏற்றாத வரை எந்த வைரஸும் அதற்குள் நுழைய முடியாது.

ஆனால் பழைய பாடம் அப்படியே இருக்கிறது. நாடா முப்பது வருஷம் வரை தாங்கும் என்கிறார்கள், டிரைவ் தாங்காது. ஏழாம் தலைமுறை வரை ஒரு டிரைவ் தனக்கு முந்திய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தது. எட்டு, ஒன்பதில் அது ஒன்றாகக் குறைந்தது. 2025-இல் வந்த பத்தாம் தலைமுறை, முந்திய எதையும் படிக்காது. ஆகவே பெரிய நூலகங்களில் ரோபோ இரவு பகலாகச் செய்யும் வேலைகளில் ஒன்று, பழைய நாடாவிலிருந்து புதிய நாடாவுக்குப் பெயர்த்து எழுதுவது. இது நமக்குப் புதிதல்ல. பனையோலை சில நூற்றாண்டே தாங்கும். கரையான் அரிக்கும் முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஏட்டில் பெயர்த்தெழுதியதால்தான், உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிப் போனபோது அவர் கைக்குக் கிடைக்க ஏடு இருந்தது. பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் பெயர்கூட மிச்சமில்லாமல் போயின.

கடைசியாக, வீட்டுக் கதைக்கு வருகிறேன். நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் கல்யாண வீடியோ, ஊர்த் திருவிழா, மறைந்த பெரியவர்களின் குரல் எல்லாம் வி.எச்.எஸ். கேசட்டிலும் ஆடியோ கேசட்டிலும் இருக்கின்றன. நம்மைப் போன்ற சங்கங்களின் பழைய ஆண்டு விழாக்களும் அப்படித்தான் கிடக்கின்றன. வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்தி விட்டது. கேசட் நன்றாகத்தான் இருக்கும். ஓட்டுகிற இயந்திரம் வருஷத்துக்கு வருஷம் குறைந்து கொண்டே போகிறது. ஓடுகிற ஒரு வி.சி.ஆர். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பத்து வீட்டுக் கேசட்டை ஒரே மூச்சில் மாற்றி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மேலே பெயரும் தேதியும் எழுத மறக்க வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள். அந்த வேலையைச் செய்ய ரோபோ தேவையில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் போதும்.