கன அயனி வினைகளின் விளைபொருள்களை அளத்தல்

ஹீலியத்தினும் கனமான அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் சிலவற்றையோ பலவற்றையோ நீக்கிப் பெற்ற அயனிகளை முடுக்கியின் துணையால் பெருவேகத்தில் செலுத்தி, மெல்லிய உலோகத் தகட்டின்மீது மோதவிடுங்கால், அவை தகட்டின் அணுக்கருக்களோடு முழுதும் இணைந்தோ, ஒரு பகுதி மட்டும் இணைந்தோ, உரசி விலகியோ புதிய அணுக்கருக்களைத் தோற்றுவிக்கின்றன. பிறந்தவை எவை, எத்தனை, எத்திசையில் எவ்வளவு சக்தியோடு வெளிப்பட்டன என்று நிர்ணயிக்கும் பரிசோதனை முறைகளே இங்குக் கருதப்படுவன. மோதச் செய்வதைக் காட்டிலும், மோதலில் விளைந்ததை இன்னதென்று சந்தேகத்துக்கு இடமின்றிக் கூறுவதே இத்துறையில் அரிய காரியம்.

வினை நிகழும் வாய்ப்பைப் பரப்பாகக் கூறுவது மரபு; அதன் அலகாகிய பார்ன், ஒரு சதுர சென்டிமீட்டரை 1-க்குப் பின் 24 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் வருவது. சாதாரண விளைபொருள்கள் பார்னில் ஆயிரத்தில் சில பங்கு முதல் சில நூறு பங்கு வரை வாய்ப்புடையவை. மீகனத் தனிமங்களோ, பார்னில் லட்சம் கோடியில் ஒரு பங்காகிய பிக்கோபார்ன் அளவுக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. ஆகவே இரு வகையினவற்றுக்கும் ஒரே முறை பொருந்துவதில்லை.

முன்னவற்றுக்கு ஏற்றது பற்றுத்தகட்டு முறை. மோதலின் உந்தத்தால் மெல்லிய இலக்கை விட்டு எகிறும் அணுக்கருக்களை, பின்னால் அடுக்கிய அலுமினியத் தகடுகளில் பதியவிட்டு, கதிர்வீச்சு முடிந்தபின் அத்தகடுகளைத் தூய ஜெர்மானிய உணர்கருவியின் முன் வைத்தால், காமாக் கதிர்களின் சக்தியும் அவை குறைந்துவரும் அரை ஆயுளும் சேர்ந்து ஒவ்வொரு விளைபொருளையும் காட்டிக்கொடுக்கும். அயனியின் ஒரு பகுதி மட்டும் இணைந்த வினையில் உந்தம் குறைவாகையால், அதன் விளைபொருள் முன்னதாகவே நின்றுவிடும். எத்தனையாவது தகட்டில் அது பதிந்தது என்பதே அவ்வினை எவ்வகையது என்பதற்குச் சான்று. கதிரியக்கமற்ற பொருள்களும், கணப்பொழுதில் மறைவனவும் இம்முறைக்கு அகப்படா.

கணப்பொழுதில் மறைவனவற்றைப் பிடிக்க எழுந்த சாதனங்களுள் தலையாயது, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் அமைந்த ஷிப் என்னும் வேக வடிகட்டி. ஈயத்தையும் பிஸ்மத்தையும் இலக்காகக் கொண்டால் கூட்டு அணுக்கரு மிகவும் கொதிப்பின்றிப் பிறந்து, பிளவுபடாமல் எஞ்சும் வாய்ப்புக் கூடும் என்று 1974-இல் சோவியத் நாட்டு டுப்னாவில் இயற்பியலர் ஒகனேசியான் காட்டிய வழியையே டார்ம்ஸ்டாட் அறிஞர் பின்பற்றினர். அவ்வுலோகங்களுக்கு ஒரு குறை உண்டு: ஈயம் 327 பாகை செல்சியஸிலும் பிஸ்மத் 271 பாகையிலும் உருகிவிடும். ஒரு மைக்ரானிலும் குறைந்த கனமுள்ள அப்படலங்களைச் சுழலும் சக்கரத்தின் விளிம்பில் பொருத்தி, அயனிக் கற்றை ஒரே இடத்தைச் சுடாதபடி செய்தனர். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு செல்லும் கற்றையும், நூற்றில் இரண்டு பங்கே கொண்டு நகரும் இணைந்த அணுக்கருவும் ஒன்றுக்கொன்று செங்குத்தான மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் கடக்கையில், இரு விசைகளும் சமனாகும் வேகமுடையது மட்டும் மின்னூட்டம் எதுவாயினும் தப்பிச் செல்ல, கற்றை விலகி ஒழியும்.

வடிகட்டியைக் கடந்தது சிலிக்கன் உணர்கருவியில் புதைந்து, அங்கேயே சிதைகிறது. முன்னுள்ள மெல்லேட்டில் குறிப்பு எழுந்து சிலிக்கனிலும் எழுந்தால் வந்தது அயனி. சிலிக்கனில் மட்டும் எழுந்தால் உள்ளே நிகழ்ந்தது சிதைவு. ஒரே புள்ளியில், உரிய கால இடைவெளிகளில், ஆல்பாத் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டு, முன்பே அறியப்பட்ட அணுக்கரு ஒன்றில் அத்தொடர் சென்று முடியுமாயின், சந்ததியைக் கொண்டு மூதாதையை நிச்சயிக்கிறோம். 1982 ஆகஸ்டு 29-இல் பிஸ்மத்தை இரும்பு-58 அயனிகள் தாக்கியபோது ஓர் அணு புதைந்தது. 5 மில்லிசெகண்டில் 11.1 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள ஆல்பா வெளிப்பட்டது. 109-ஆம் தனிமமாகிய மைட்னீரியத்தின் முதற் சான்று அவ்வொற்றை அணுவே.

இத்தகைய முறையில் தரவைப் படிக்கும் மனிதரின் நேர்மையும் கருவியின் ஓர் அங்கமே. 1999-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுக்கூடம், ஈயத்தில் கிரிப்டான்-86 மோதி 118-ஆம் தனிமம் விளைந்ததாக அறிவித்தது; பிற கூடங்களில் அது மீண்டும் கிட்டவில்லை; மூலப் பதிவுகளை ஆராய்ந்தபோது கூறப்பட்ட தொடர்கள் அங்கு இல்லாமையால் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

ஜப்பானின் ரைக்கன் நிறுவனத்தில் மொரிட்டாவின் குழு பிஸ்மத்தின்மீது துத்தநாகம்-70 செலுத்தி 113-ஆம் தனிமத்தைத் தேடிய வரலாறு இவ்விஷயத்தில் பொறுமையின் அளவைக் காட்டும். அவர்கள் பிரிப்பானில் வெற்றிடத்துக்குப் பதில் அழுத்தம் குறைந்த ஹீலியம் நிரப்பியிருந்தமையால், வெவ்வேறு மின்னூட்டமுள்ள அணுக்கருக்கள் சராசரியாக ஒரே பாதையில் சென்றன. 2004, 2005 ஆண்டுகளில் கிடைத்த இரு தொடர்களும் டுப்னியம்-262 பிளவுபட்டதோடு முடிந்தன. இடையிலுள்ள போரியம்-266 போதிய அளவு அறியப்படாதது என்ற ஆட்சேபம் எழவே, கியூரியத்தின்மீது சோடியம் அயனிகளைச் செலுத்தி அதனைத் தனியே உண்டாக்கி ஆராய்ந்தனர். 2012 ஆகஸ்டு 12-இல் வந்த மூன்றாம் தொடரில் டுப்னியம் பிளவுபடாமல் ஆல்பா உமிழ்ந்து, லாரன்சியம்-258 வழியாக மென்டலீவியம்-254 வரை சென்றது. பத்து லட்சம் கோடி கோடிக்கும் அதிகமான துத்தநாக அயனிகளுக்குக் கிடைத்தவை இம்மூன்றே. வினையின் வாய்ப்பு ஏறத்தாழ 0.022 பிக்கோபார்ன். சர்வதேச அமைப்புகள் இச்சான்றை 2015-இன் இறுதியில் ஏற்றன. மறு ஆண்டு தனிமம் நிஹோனியம் எனப் பெயர் பெற்றது.